பச்சிலைச் சாறும் சிறுநீரகக் கல்லும்: சோதனையை நாங்கள் ஏன் வலியுறுத்துகிறோம்

சிறுநீரகக் கல்லுக்காக எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் பலர், ஸ்கேன் முடிவைக் காட்டி, மருந்துச் சீட்டையும் வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும் வேளையில்தான் தாங்கள் உண்மையில் கேட்க வந்த கேள்வியைக் கேட்கின்றனர். "டாக்டர், வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாமா?" சிலர் சிறுபீளை என்பர், சிலர் நெருஞ்சில் குடிநீர் என்பர், கொள்ளு வேகவைத்த நீர் என்போரும் உண்டு. அண்மைக் காலமாகக் கைப்பேசியில் வந்த செய்தி ஒன்றைக் காட்டி, "கீழாநெல்லியைப் பிரேசில் நாட்டில் கல்லுக்குக் கொடுக்கிறார்களாமே, மாத்திரையாகவே கிடைக்கிறதாமே" என்றும் கேட்கின்றனர்.

கேட்பவர் பெரும்பாலும் உடன் வந்தவராகவே இருப்பார். மனைவியோ, தாயோ, மகளோ. நோயாளி தலையைக் குனிந்துகொள்வார். மருத்துவர் கடிந்துகொள்வார் என்ற அச்சம் அவருக்கு. அந்த அச்சத்துக்கு மருத்துவர்களாகிய நாங்களே காரணம் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறோம். "அதெல்லாம் வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எங்களில் சிலரின் வழக்கம். "குடித்தால் குடியுங்கள், ஒன்றும் ஆகாது" என்று சிரித்துவிடுவது வேறு சிலரின் வழக்கம். இரண்டும் பதில்கள் அல்ல. ஐந்து நிமிடச் சந்திப்பில் கூற இயலாத பதிலை இங்கே சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

கேள்வி நியாயமானது. கல் ஒரு முறை வந்து போவதோடு நின்றுவிடுவதில்லை. முதல் கல் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பத்தாண்டுகளுக்குள் மீண்டும் கல் வருகிறது. பிள்ளை பெற்ற தாய்மார்கள் பலர், பிரசவ வலியைக் காட்டிலும் இது கொடிது என்று எங்களிடம் கூறியிருக்கின்றனர். அப்படிப்பட்ட வலி மறுபடியும் எந்த இரவில் வருமோ என்று காத்திருப்பவர், கொல்லையில் முளைக்கும் ஒரு செடி அதைத் தடுக்கும் என்று கேள்விப்பட்டால் அதைத் தேடிப் போகாமல் இருப்பாரா? எங்கள் கையில் இருக்கும் தடுப்பு மருந்துகளோ மிகச் சிலவே. இருக்கும் கல்லை உடைக்கவும் எடுக்கவும் கருவிகள் பெருகிவிட்டன. அடுத்த கல்லைத் தடுக்கும் கலை அந்த அளவுக்கு வளரவில்லை.

கல் எவ்வாறு உருவாகிறது என்பதைக் கற்கண்டு காய்ச்சுவதோடு ஒப்பிடலாம். சர்க்கரைப் பாகைக் கெட்டியாகக் காய்ச்சி, அதில் நூலைத் தொங்கவிட்டு அசையாமல் வைத்தால், நூலைப் பற்றிக்கொண்டு படிகம் வளர்கிறது. சிறுநீரில் கால்சியமும் ஆக்சலேட்டும் அளவுக்கு மிஞ்சிச் செறியும்போது அவையும் படிகமாகின்றன. சிறுநீரகத்தின் உட்பரப்பில் உள்ள நுண்ணிய சுண்ணாம்புத் திட்டுகள் நூலின் வேலையைச் செய்கின்றன. சிறுநீரில் இயற்கையாக உள்ள சிட்ரேட் போன்ற பொருள்கள் இந்த வளர்ச்சிக்குத் தடை போடுகின்றன. எனவே ஒரு மருந்து கல்லைத் தடுக்க வேண்டுமானால் பாகை நீர்க்கச் செய்ய வேண்டும். அல்லது படிகம் வளராமலும் ஒன்றோடொன்று திரளாமலும் தடுக்க வேண்டும். அல்லது அது நூலில் ஒட்டாமல் செய்ய வேண்டும். முதல் வேலையைத் தண்ணீரே செய்துவிடும். மற்ற இரண்டுக்கும்தான் உலகெங்கும் மூலிகைகளைத் தேடுகின்றனர்.

அவ்வகைத் தேடலில் ஓரளவு முறையாக ஆராயப்பட்ட செடி, கீழாநெல்லி இனத்தைச் சேர்ந்த ஃபில்லாந்தஸ் நிரூரி. பிரேசில் மக்கள் தங்கள் மொழியில் அதனைக் 'கல்லுடைப்பான்' என்ற பொருள் தரும் பெயரால் அழைக்கின்றனர். பெரு நாட்டிலும் அதே பொருளில்தான் பெயர். சாவோ பாலோ நகரில் உள்ள கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தின் சிறுநீரகவியல் ஆய்வாளர்கள் இதனைப் பல ஆண்டுகள் படிப்படியாகச் சோதித்தனர். அந்தப் படிகளை நோயாளிகள் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் கைப்பேசிச் செய்திகள் எப்போதும் முதற்படியிலேயே நின்றுகொண்டு, மாடிக்கு வந்துவிட்டதாகக் கூவுகின்றன.

அவர்கள் முதலில் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த சிறுநீரகக் குழல் செல்களின் மீது படிகங்களைத் தூவி, செடியின் நீர்ச்சாறு சேர்த்தால் செல்கள் படிகங்களை உள்வாங்குவது குறைகிறது என்று 1999இல் கண்டனர். அடுத்து, மனிதச் சிறுநீரில் சாற்றைச் சேர்த்துப் பார்த்தபோது படிகங்கள் பெரிதாக வளர்வதும் திரள்வதும் குறைந்தன. எலிகளின் சிறுநீர்ப்பையில் கால்சியம் ஆக்சலேட் துகளை வைத்துச் சாற்றைக் கொடுத்ததில், கல்லின் வளர்ச்சி மட்டுப்பட்டது. பெயர் கல்லுடைப்பான் என்றிருந்தாலும், ஆய்வில் தெரிந்தது உடைக்கும் ஆற்றல் அன்று. சேரவிடாமல் செய்யும் ஆற்றல். வந்துவிட்ட கல்லைக் கரைக்க இதைக் குடிப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

பிறகு மனிதர்களிடம் சோதித்தனர். கால்சியக் கல் வரும் இயல்புடைய 69 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் செடியின் சாற்றுப்பொடி அடங்கிய மாத்திரையும், மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத, தோற்றத்தில் ஒத்த மாத்திரையும் மூன்று மாதம் கொடுத்தனர். 2004இல் வெளியான முடிவு இது: சிறுநீரில் கால்சியம் மிகுதியாக வெளியேறிக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் அது குறைந்தது, ஏனையோரிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 2006இல் இத்தாலியில் 150 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்றில், அதிர்வலையால் கல்லை உடைத்த பிறகு ஒரு பகுதியினருக்கு இந்தச் சாறு தரப்பட்டது. ஒட்டுமொத்தக் கணக்கில் வேறுபாடு உறுதிப்படவில்லை. சிறுநீரகத்தின் கீழ் அறையில் கல் இருந்தவர்களிடம் மட்டும், சாறு உட்கொண்டவர்களில் கூடுதலானோருக்குத் துகள்கள் முழுவதும் வெளியேறியிருந்தன.

இவை நல்ல ஆய்வுகள். எனினும், இவற்றில் எதுவும் "இந்தச் சாற்றைக் குடித்தால் அடுத்த கல் வராது" என்று நிறுவவில்லை. மூன்று மாதத்தில் சிறுநீரின் கால்சியம் குறைந்தது என்பது ஒரு நம்பிக்கைக் கீற்று. கல் வருவதோ ஆண்டுக்கணக்கில் நிகழ்வது. தடுப்பு மருந்து என்ற பெயரைப் பெற வேண்டுமானால் இரண்டு, மூன்று ஆண்டுகளேனும் மனிதர்களைத் தொடர்ந்து கவனித்து, எத்தனை பேருக்குப் புதிய கல் வந்தது என்று எண்ணியாக வேண்டும். கைப்பேசிச் செய்தியை எழுதியவர்கள் இந்த இடைவெளியை ஒரே தாவலில் தாண்டிவிடுகின்றனர்.

நம் ஊர்க் கீழாநெல்லி அதே செடிதானா என்ற கேள்வியும் இருக்கிறது. நிரூரி என்ற பெயரில் இந்திய நூல்கள் நெடுங்காலம் குறித்து வந்த செடி பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்னும் வேறு இனம் என்று தாவரவியலார் பின்னர் தெளிவுபடுத்தினர். இலையின் அடியில் நெல்லிபோல் காய் தொங்கும் சிறுசெடிகள் பல உண்டு. சாலையோரத்தில் பறிப்பவருக்கு எல்லாம் கீழாநெல்லியே. பிரேசில் ஆய்வின் முடிவை நம் கொல்லைச் செடிக்கு அப்படியே ஏற்றிக் கூற இயலாது.

இந்த அமாரஸ் செடிக்குச் சென்னையோடு தொடர்புடைய வரலாறு ஒன்றும் உண்டு. 1988இல் சென்னை ஆய்வாளர்கள், மஞ்சள்காமாலைக்குக் காரணமான ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு இதன் பொடியை 30 நாள் கொடுத்துச் சோதித்து, 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டனர். பொடி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தற்ற பொடி உட்கொண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர்த் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் சோதித்தபோது அத்தகைய பலன் கிட்டவில்லை. செடி வளர்ந்த மண் காரணமா, பறித்த பருவம் காரணமா, சோதிக்கப்பட்டவர்கள் வேறு வகையினரா என்று பலவாறு விவாதித்தனர். சென்னை ஆய்வைக் குறை கூற இதை எடுத்துக்காட்டவில்லை; அவர்கள் செய்தது துணிவான, முறையான முயற்சி. ஒரே ஒரு நல்ல முடிவை வைத்துக்கொண்டு மருந்து எழுதத் தொடங்கிவிடக் கூடாது என்று நாங்கள் தயங்குவதற்கு அதுவே காரணம்.

'என் மாமாவுக்குக் கல் விழுந்ததே' என்று கேட்பவர்களுக்கும் பதில் கூற வேண்டும். விழுந்தது உண்மையாகவே இருக்கும். சிறுநீர்க்குழாயில் இறங்கிவிட்ட கல் 5 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், மூன்றில் இரண்டு பேருக்கு அது தானாகவே வெளியேறிவிடும். அந்த நாள்களில் வாழைத்தண்டுச் சாறு குடித்திருந்தால் புகழ் வாழைத்தண்டுக்கு. எங்கள் மாத்திரையை விழுங்கியிருந்தால் புகழ் எங்களுக்கு. இரண்டும் இல்லாமல் இருந்தாலும் கல் விழுந்திருக்கும் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கவே மருந்தற்ற மாத்திரை தேவைப்படுகிறது. மேலும், கல்லுக்கென ஒரு மருத்துவரைப் பார்க்கத் தொடங்கியவர், எந்த மருந்தும் இல்லாமலே, நீர் அருந்தும் பழக்கத்தைத் திருத்திக்கொள்வதால் மட்டும் நலமடைவதை 1983லேயே மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். நாளும் ஒரு சொம்பு சாறு குடிக்கச் சொல்லும் எந்த வைத்தியமும் ஓரளவு பலிக்கத்தான் செய்யும். அதில் பாதிக்கு மேல் தண்ணீர் அல்லவா! (பீர் குடித்தால் கல் கரையும் என்பாரும் இதே கணக்கில் பிழைக்கின்றனர். அதிலுள்ள பொருள்கள் யூரிக் அமிலத்தைக் கூட்டும் என்பதை அவர்கள் கூறுவதில்லை.)

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, ஆங்கில மருத்துவர்கள் நாட்டு மருந்தை மட்டும் இப்படித் துருவித் துருவிக் கேட்கின்றனர் என்று எவரேனும் நினைக்கலாம். எங்கள் மருந்துக்கு நேர்ந்ததையும் கூறிவிடுகிறோம். சிறுநீரில் வெளியேறும் கால்சியத்தைக் குறைக்கும் தயசைடு வகை மாத்திரையைக் கல் தடுப்புக்காகப் பல பத்தாண்டுகளாக உலகெங்கும் எழுதி வந்தோம், நாங்களும் எழுதியிருக்கிறோம். ஸ்விட்சர்லாந்து மருத்துவர்கள் 416 பேரிடம், மூன்று வெவ்வேறு அளவுகளிலும் மருந்தற்ற மாத்திரையோடும் ஒப்பிட்டு, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கவனித்து, 2023இல் முடிவை வெளியிட்டனர். அம்மாத்திரைகளில் ஒன்றான ஹைட்ரோகுளோரோதயசைடு, கல் மீண்டும் வருவதைக் குறிப்பிடத்தக்க அளவு தடுக்கவில்லை. அந்த ஆய்வின் மீது எங்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது. ஆயினும் அந்த மாத்திரையை முன்புபோல் கை கூசாமல் எழுத இயலவில்லை. சிறுநீரில் கால்சியம் குறைந்தால் கல்லும் குறையும் என்ற எங்கள் கணிப்பே இப்படித் தடுமாறும்போது, அதே கணிப்பின் அடிப்படையில் ஒரு செடியை மட்டும் எப்படி நம்பிக் கொடுப்பது?

எலுமிச்சையின் கதையும் இதுபோன்றதே. எலுமிச்சையில் சிட்ரேட் மிகுதி. சிட்ரேட் கல்லைத் தடுக்கும். ஆகவே எலுமிச்சை தடுக்கும் என்பது பார்வைக்கு அழகான வாதம். இத்தாலியில் 203 பேரிடம் இரண்டாண்டுகள் சோதித்தபோது, சாறு குடித்தவர்களுக்குக் கல் சற்றுக் குறைவாகவே வந்தது. ஆனால் தற்செயல் அன்று என்று உறுதியாகக் கூறும் அளவுக்கு அந்த வேறுபாடு இல்லை. இரண்டாம் ஆண்டின் முடிவில் பாதிக்கும் மேற்பட்டோர் சாற்றை ஒழுங்காகக் குடிக்கவில்லை என்பது இன்னொரு செய்தி. வீட்டில் சமைப்பவர்களுக்கு இது வியப்பாக இராது. நாள்தோறும் இருமுறை எலுமிச்சை பிழிந்து கொடுத்துக்கொண்டே இருப்பது யாருடைய வேலை?

சோதனை தேவை என்பதற்கு வலுவான காரணம், பலன் இல்லாமற் போகலாம் என்பது மட்டும் அன்று; தீங்கு நேரலாம் என்பதும் ஆகும். கேரளத்தில், இரும்பன்புளி என்னும் பிலிம்பிக் காயின் சாற்றைக் கொழுப்பைக் குறைக்கவென்று அடர்த்தியாகக் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை 2013இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். அவர்களில் 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. காரணம், அந்தக் காயில் செறிந்திருந்த ஆக்சலேட். நாம் தடுக்க நினைக்கும் கல்லின் மூலப்பொருள் அதுவே. குழம்பில் இரண்டு காய் போடுவதற்கும் வெறும் வயிற்றில் ஒரு குவளைச் சாறு குடிப்பதற்கும் இடையே உள்ள தொலைவு அது. இன்னும் கொடியது பெல்ஜியத்தில் நிகழ்ந்தது. 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸ் நகரில் உடல் மெலியச் சீன மூலிகை மாத்திரை உட்கொண்ட பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தனர். ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்துவிட்டதே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அவர்களுள் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் நாட்டில் ஆடுதீண்டாப்பாளை என்று அழைக்கப்படுவது அந்த இனத்தைச் சேர்ந்த செடியே. பொடியாக இடித்துப் பொட்டலம் கட்டிவிட்டால் எது எந்தச் செடி என்று எங்களால் கண்டறிய இயலாது. விற்பவரால் இயலுமா என்பதும் ஐயமே.

குடம்புளியையும் சிலர் கேட்கத் தொடங்கியிருப்பதால் அதைப் பற்றியும் ஒரு சொல். அதிலுள்ள ஹைட்ராக்சிசிட்ரேட் என்ற பொருள் கால்சியம் ஆக்சலேட் படிகத்தின் வளர்ச்சியைத் தடுப்பதோடு, சில நிலைகளில் படிகத்தைக் கரைக்கவும் செய்கிறது என்று அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தனர். சிறந்த கண்டுபிடிப்பு. ஆனால் உடல் மெலியவென்று குடம்புளிச் சத்து அடங்கிய மாத்திரை உட்கொண்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. மீன் குழம்பில் போட்டு உண்ணுங்கள், மாத்திரையாக வாங்காதீர்கள்.

இத்தனையும் கூறிய பின், எங்கள் தரப்பில் நேர்ந்த ஒரு தவறையும் மறைக்காமல் கூற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், வெயிலில் நாள் முழுவதும் வேலை செய்யும் கட்டடத் தொழிலாளி ஒருவர் இடுப்பு வலியோடு வந்தார். இடப்பக்கச் சிறுநீர்க்குழாயில் 8 மில்லிமீட்டர் கல். நான்கு வாரத்தில் விழாவிட்டால் எடுக்க வேண்டும் என்று கூறப்பட்டது. ஊரில் தரும் பச்சிலைச் சாற்றைக் குடிக்கலாமா என்று அவர் எங்களுள் ஒருவரிடம் கேட்டிருக்கிறார். "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்ற பதிலோடு பேச்சு முடிந்தது. அவர் எழுந்து போனார், சாற்றைக் குடித்தார். இரண்டு வாரத்தில் வலி அடியோடு நின்றது. கல் கரைந்துவிட்டது என்று வீட்டார் மகிழ்ந்தனர். எட்டு மாதம் கழித்து வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில், கல் அதே இடத்தில் இருந்தது. அதற்கு மேலே சிறுநீரகம் வீங்கி, சதை மெலிந்து, வேலை செய்யும் திறனில் பெரும்பகுதியை இழந்திருந்தது.

அந்தச் சாறு அவருக்குத் தீங்கு செய்ததாக நாங்கள் நினைக்கவில்லை. அடைப்பு நீடிக்கும்போது சிறுநீரகம் சிறுநீரைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. அழுத்தம் தணிந்து வலி நின்றுவிடுகிறது. வலி நின்றதைக் கல் போனதாக அவர் எடுத்துக்கொண்டார். "சாறு குடித்தாலும் குடிக்காவிட்டாலும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நான்கு வாரத்தில் ஸ்கேன் எடுக்க வாருங்கள்" என்று அன்று யாரேனும் அமைதியாகக் கூறியிருந்தால் அவர் வந்திருப்பார் என்றே நம்புகிறோம். அவரை வரவிடாமல் செய்தது எங்கள் சொல்.

ஆகவே எங்கள் கருத்து, மூலிகை வேண்டாம் என்பது அன்று. சோதிக்காமல் வேண்டாம் என்பதே. அதைவிட முக்கியமாக, சோதனை நடக்க வேண்டும் என்பது. சிறுபீளையையும் நெருஞ்சிலையும் மாவிலங்கப்பட்டையையும் சித்த மருத்துவம் கல்லடைப்புக்குக் கூறுகிறது. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அந்தப் பூளைப்பூ தமிழ்நாட்டில் எந்தத் தரிசிலும் கிடைக்கும். மாவிலங்கத்தை எலிகளிடம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1990களிலேயே ஆராய்ந்துள்ளனர். அதன் பின் நாடெங்கும் எலி ஆய்வுகள் பெருகிவிட்டன. வாகன ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்காலைக் குடிநீரில் கலந்து கொடுத்து எலிக்குக் கல் வரவழைத்து, பிறகு மூலிகைச் சாற்றைக் கொடுத்துக் கல் குறைகிறதா என்று பார்ப்பது அவற்றின் பொதுவான முறை. நான்கு வாரத்தில் நஞ்சால் வரவழைத்த கல், பத்தாண்டு உழைப்பிலும் உணவிலும் வந்த மனிதக் கல் ஆகாது. எலியோடு நின்றுவிட்ட இந்த ஆய்வுகளை மனிதர்வரை கொண்டுவர யாரும் முன்வராததே எங்கள் குறை.

முன்வராததற்குக் காரணம் பணம். எல்லார் வீட்டுக் கொல்லையிலும் முளைக்கும் செடிக்குக் காப்புரிமை வாங்கிப் பெரும் பொருள் ஈட்ட இயலாது. எனவே பெரிய நிறுவனங்களுக்கு ஆர்வம் இல்லை. சிறிய நிறுவனங்கள் சோதனையின்றியே விற்க முடிகிறபோது சோதிப்பானேன் என்று இருந்துவிடுகின்றன. நம் நாட்டில் விற்கும் பல மூலிகைகள் சேர்ந்த கல் மாத்திரை ஒன்றை அமெரிக்காவின் மாயோ மருத்துவமனை மருத்துவர்கள் ஒரு சிறு குழுவினருக்கு ஓராண்டு கொடுத்துப் பார்த்து, சிறுநீரின் தன்மையிலோ கல்லிலோ நற்பயன் தெரியவில்லை என்று 2011இல் எழுதினர். அதை அங்கே சோதிக்க வேண்டியிருந்தது என்பது நமக்குப் பெருமையான செய்தி அன்று. இங்கே தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் கல் நோயாளிகளுக்குக் குறைவில்லை. மூலிகைச் சத்தை மருந்தாகப் பதிவு செய்வதற்கு 2015 முதல் தனி விதியே உண்டு. அதன்படி குறைந்தது நான்கு வேதிப்பொருள்களின் அளவையாவது வரையறுத்தாக வேண்டும். சித்த மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே ஒரு செடியை எடுத்துக்கொண்டு, அரசுப் பணத்தில் மூன்றாண்டு நடத்தினால் போதும். அத்தகைய ஆய்வு எங்கள் மருத்துவமனையில் இப்போது எதுவும் இல்லை. வந்தால் நாங்கள் சேர ஆயத்தமாக இருக்கிறோம்.

அப்போது உங்களில் சிலரிடம் வந்து கேட்போம். "எங்களை எலியாக்கப் பார்க்கிறீர்களா?" என்ற கேள்வி எழும், எழ வேண்டும். உங்களுக்குத் தெரிந்த மொழியில் ஒப்புதல் படிவம் இருக்கிறதா, நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா, ஆய்வு அரசுப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகியதால் உங்கள் வழக்கமான சிகிச்சை குறையாது. ஆய்வினால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் செலவின்றிச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டு விதி. உங்களுக்குக் கிடைப்பது மருந்தா மருந்தற்ற மாத்திரையா என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆனால் யாரும் கணக்கெடுக்காமல், அளவு இல்லாமல், எந்தச் செடி என்று உறுதி இல்லாமல் வீடுதோறும் இப்போது நடப்பதும் ஒரு சோதனைதான். அதன் முடிவு மட்டும் எவருக்கும் கிடைப்பதில்லை.

அதுவரை என்ன செய்வது? சோதித்து நிறுவப்பட்ட தடுப்பு முறைகளில் இரண்டு, எந்தக் கடையிலும் வாங்க வேண்டாதவை. இத்தாலியின் பார்மா நகரில் முதல் கல் வந்த 199 பேரை ஐந்தாண்டு கவனித்தனர். நாளொன்றுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் வெளியேறும்படி நீர் அருந்தியவர்களில் 12 பேருக்கே மீண்டும் கல் வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் 27 பேருக்கு வந்தது. வெயிலில் உழைப்பவர் அந்த அளவை எட்ட மிகுதியாகக் குடித்தாக வேண்டும். குடித்த அளவை விட, போகும் சிறுநீரின் நிறம் வெளிறியிருக்கிறதா என்று பாருங்கள். அதே மருத்துவர்கள் 2002இல் இன்னொன்றைக் காட்டினர். பால், தயிரைக் குறைத்தவர்களைவிட, அவற்றை வழக்கம்போல் உண்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கே கல் குறைவாக வந்தது. கால்சியக் கல் என்றதும் வீட்டில் பாலை நிறுத்திவிடுகிறார்கள். ஊறுகாயையும் அப்பளத்தையும் நிறுத்துவதில்லை. சிலருக்குப் பொட்டாசியம் சிட்ரேட் மருந்து தேவைப்படும். யூரிக் அமிலக் கல்லானால் மருத்துவமே வேறு. விழுந்த கல்லைத் தூக்கி எறியாமல் சிறு டப்பாவில் கொண்டுவரச் சொல்வது அதனால்தான்.

வாழைத்தண்டைப் பொரியலாகவோ கூட்டாகவோ உண்பதில் பெரும்பாலோர்க்குத் தடையில்லை. கிரியாட்டினின் கூடியவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் அதன் சாற்றைக் குடிக்கக் கூடாது. அதிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பையே பாதிக்கும். ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் எந்தச் சாற்றையும் தாமாகத் தொடங்க வேண்டாம். கல் வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால், அல்லது சிறுநீர் அறவே நின்றுவிட்டால், சாறும் வேண்டாம், மறுநாள்வரை காத்திருப்பதும் வேண்டாம். அந்த இரவே அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.

இப்போது சாறோ சூரணமோ உட்கொண்டு வருபவர்கள், 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனைக்கு வரும்போது எங்களுக்கு அஞ்சி இரண்டு நாள் முன்பு அதை நிறுத்திவிட்டு வருகின்றனர். அப்படிச் செய்தால் முடிவைப் பார்த்து எங்களுக்கு ஒன்றும் விளங்காது. புறநோயாளர் அட்டையின் பின்பக்கத்தில் எதை, எவ்வளவு, எத்தனை நாளாக என்று எழுதிவிடுங்கள். பொட்டலம் இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள். மேலுறை கிழிந்திருந்தாலும் சரி. இனி யாரும் சிரிக்க மாட்டோம்.